ஆறுச்சாமி பிடித்த மூச்சு

மில் காலனியின் நாலாவது லைனில் கைதட்டுவது நின்றுபோயிருந்த காலம் ஒன்று உண்டு. யாரும் தண்டோரா போடவில்லை, கோயில் வாசலில் நிற்கவைத்துச் சத்தியம் வாங்கவில்லை. ஒரு மனுஷர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கைதட்டும் சத்தம் கேட்டால் விட்டுவிடுவார், ஆகவே தட்ட வேண்டாம், அவ்வளவுதான். கொசு கடித்தால் துடைத்துவிட்டார்கள், காக்காயை வாயால் விரட்டினார்கள், தூங்கும் பிள்ளையைத் தட்டி எழுப்பாமல் காதுமடலைத் தடவி எழுப்பினார்கள். வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், என்ன இது, நல்ல சேதி சொன்னால்கூட உற்சாகமில்லாத ஜனமாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு போனதும் உண்டு. நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

மூச்சைப் பிடித்தவர் பேர் ஆறுச்சாமி. அவர் மனைவி வேலாத்தாள். இந்தக் கதை வேலாத்தாளுடையது, ஏனென்றால் மூச்சைப் பிடித்தவருக்கு ஒரே வேலைதான், பிடித்துக்கொண்டிருப்பது. பக்கத்தில் இருக்கிறவளுக்குத்தான் மற்ற எல்லாமும்.

மில் ஓடிய காலத்தில் ஆறுச்சாமி புளோரூமில் வேலை பார்த்தார். பஞ்சுப் பொதியைப் பிரித்துப் போட, மிஷின் அதை உதறி உதறி அழுக்கெடுக்கிற இடம் அது. உள்ளே போகிறவன் கறுப்பாகப் போய் வெள்ளையாக வெளியே வருவான், மீசை, புருவம், காதுமுடி எல்லாம் நரைத்துப்போய் வருவான், வீட்டுக்கு வந்து குளித்தால் வயசு திரும்பிவிடும், ஆனால் நெஞ்சுக்குள் போனதைக் குளித்துக் கழுவ முடியாது. சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு, சங்கு ஊதினால் வீடு திரும்பிய ஜனம் அந்த லைன் முழுக்க. அதிலும் ஆறுச்சாமி ஒரு படி மேல். மாத்து ஆள் வராமல் மிஷினை விட்டு நகரக் கூடாது என்று மில்லில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு தீபாவளி சமயம் மாத்து ஆள் வரவில்லை, அதற்கடுத்த ஷிப்டுக்கும் வரவில்லை, மற்றவர்கள் யாரையாவது பிடித்துச் சாக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள், ஆறுச்சாமி மட்டும் நின்றார். வேலாத்தாள் தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு போய்க் கேட்டில் நின்று எட்டிப் பார்த்தபோது, பஞ்சு பறக்கிற அந்த வெளிச்சத்தில் அவருடைய இடது தோள் மட்டும் லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. "வாங்க மாமா போலாம், ஒடம்பு என்னத்துக்காகும்?" என்றாள். "மாத்து ஆளு வரட்டும் புள்ள" என்றார் அவர்.

பிறகு மில் ஒருநாள் மூடிவிட்டது. சங்கு ஊதாமல் போனது. லைன் வீடுகளில் அவரவர் நோய் அவரவருக்கு மிஞ்சியது. ஆறுச்சாமிக்கு மூச்சு. ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாது. "வேலா, அந்தச் செம்பை" என்று நிறுத்தி, ஒரு இழுப்பு இழுத்து, "எடு" என்பார். அதற்குள் அவள் தண்ணீரை மொண்டு நீட்டியிருப்பாள். மல்லாந்து படுக்க முடியாது, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துதான் தூக்கம். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. அவருடைய இழுப்புச் சத்தம்தான் அந்த வீட்டில் ஆள் இருக்கிற சத்தம்.

அப்போதுதான் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து யோகா வகுப்பு வந்தது. மில்லின் பழைய மனமகிழ் மன்றத்தில், கேரம் போர்டை ஓரமாகச் சாய்த்துவிட்டு, பவானி ஜமுக்காளத்தை விரித்து, காலையில் வகுப்பு. சொல்லித்தர வந்தவள் சுகந்தி, அதே லைனுக்குக் கல்யாணமாகி வந்த பெண், யோகா படித்தவள். முதல் நாளே சிரிப்பாய்ச் சிரித்தது. கடைசியில் சவாசனம் என்று சொல்லி, பிணம் போலக் கை கால்களைத் தளர்த்திப் படுங்கள் என்றதும் வேலாத்தாள் விருட்டென்று எழுந்து உட்கார்ந்துகொண்டாள். "ஏங்கண்ணு, ஒடம்பு நல்லாகோணும்னு வந்தா பொணமாட்டப் படுக்கச் சொல்றியே, இது நாயமா?" என்றாள். கடைசிவரை அவள் ஒருக்களித்துத்தான் படுத்தாள்.

இன்னொரு சிக்கலும் வந்தது. மூச்சுப் பயிற்சியில் சுகந்தி, "உங்களுக்கு எவ்வளவு முடியுதோ அவ்வளவு இழுங்க, சௌகரியமா நிறுத்துங்க, போதும்னு தோணுறப்ப விடுங்க, யாரும் வருத்திக்க வேண்டாம்" என்றாள். எல்லோரும் முழித்தார்கள். போதும் என்று தோன்றுகிறபோது விடுவதா? அப்படி ஒரு காரியத்தை அந்த ஜனம் வாழ்க்கையில் செய்ததில்லை. பழைய சங்கத் தலைவர் சென்னியப்பன் எழுந்து, "டீச்சர், எங்களுக்கு அதெல்லாம் தோணாதுங்க. நீங்க ஒரு சத்தம் கொடுங்க, நாங்க விட்டுக்கறோம்" என்றார். மன்றமே ஆமாம் போட்டது. மணி வாங்கலாம் என்றார்கள், யாரும் வாங்கவில்லை. ஆகவே சுகந்தி கைதட்டத் தொடங்கினாள். "இழுங்க" என்பாள், "நிறுத்துங்க" என்பாள், நெஞ்சு முட்டுவதற்கு வெகு முன்னாலேயே ஒரு தட்டு, எல்லோரும் விடுவார்கள். அவரவர் உடம்பைக் கேட்டு நடக்க வேண்டிய ஒன்றை, மில்லுக்காரர்கள் மறுபடி ஒரு சங்காக்கிக்கொண்டார்கள். அதில் அவர்களுக்கு ஒரு நிம்மதி.

சும்மா சொல்லக் கூடாது, குணம் தெரிந்தது. முழங்கால் மடங்காதவர்களுக்கு மடங்கியது, தூக்கம் வராதவர்களுக்கு வந்தது, சென்னியப்பனுக்குச் சர்க்கரை இறங்கிக் கோபமும் கூடவே இறங்கியது. ஆறுச்சாமி ஒருநாள் காலையில் பல் விளக்கிவிட்டு வந்து, "வேலா, அந்தச் செம்பை எடு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். சொன்னவருக்கே தெரியவில்லை. வேலாத்தாள் செம்பை எடுக்காமல் அடுப்படிக்குள் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நாளில் அவர் குழாயடிக்கு வந்து குடம் தூக்கினார். இருமாமல் சிரித்தார். அந்தச் சிரிப்புச் சத்தத்தை அவள் எத்தனை வருஷம் கழித்துக் கேட்டாளோ.

வேலாத்தாளுக்கு மட்டும் மூச்சை நிறுத்த வரவே வராது. டீச்சர் தட்டுவதற்குள் மூக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டு, யாருக்கும் தெரியாமல் புதுசாக இழுத்துக்கொள்வாள். ஆறுச்சாமி ஒற்றைக் கண்ணைத் திறந்து அவள் வயிற்றைப் பார்ப்பார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம், "களவாணி. திருட்டு மூச்சு விடறவ" என்று கேலி செய்வார். "மூச்சு என்னுதுங்க மாமா. எனக்கு வேணுங்கறப்ப விடுவேன், உங்களுக்கென்ன நட்டம்?" என்பாள் அவள். அந்த மாசங்களில்தான் அவர்கள் புதுசாகக் கல்யாணமானவர்கள் போல இருந்தார்கள் என்று லைனில் சொல்வார்கள். உண்மைதான்.

ஐப்பசி மாசம் நல்ல மழை. மில் காம்பவுண்டில் புதர் மண்டிக் கிடந்ததில் வளைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அன்று காலை சுகந்தி "இழுங்க" என்றாள், எல்லோரும் இழுத்தார்கள். "நிறுத்துங்க" என்றாள், நிறுத்தினார்கள். அவள் தட்டுவதற்குக் கையைத் தூக்கிய அந்த நேரம் பார்த்து, கேரம் போர்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சாரைப்பாம்பு நிதானமாக ஜமுக்காளத்தின் மேல் ஏறியது. கடிக்காத பாம்புதான், எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன, பாம்பு பாம்புதானே. சுகந்தி அலறினாள், சென்னியப்பன் ஜன்னல் வழியாகக் குதித்தார், முழங்கால் மடங்காதவர்களெல்லாம் ஓடிய ஓட்டத்தை யோகா டீச்சர் மட்டும் பார்த்திருந்தால் மெச்சியிருப்பாள், ஆனால் அவள்தான் முதலில் ஓடினாள். வேலாத்தாளும் ஓடினாள். செருப்பைக்கூட எடுக்காமல், பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினாள்.

பாம்பு தன் வழியில் போய்ச் சேர்ந்து, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து முடித்து, உள்ளே வந்தால் ஆறுச்சாமி உட்கார்ந்திருக்கிறார். கண் மூடி, முதுகு நிமிர்ந்து, நெஞ்சு விரிந்து, நிறுத்தின மூச்சு நிறுத்தினபடி. கன்னத்தில் ரத்த ஓட்டம் தெரிகிறது, உடம்பு சூடாக இருக்கிறது, மூக்கின் கீழே விரல் வைத்தால் ஒன்றுமில்லை. சத்தம் வரட்டும் என்று காத்திருக்கிறார். வராமல் நகர்கிற ஆள் இல்லை அவர்.

"அய்யோ, நான் தட்டவே இல்லை" என்று சுகந்தி கையை ஓங்கினாள். வேலாத்தாள் பாய்ந்துபோய் அந்த இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "இரு கண்ணு. தட்டீராத. டாக்டரம்மா வரட்டும்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. ராவும் பகலும் அந்த மூச்சோடு கிடந்தவள், அதனுடைய ஏற்ற இறக்கம் அவளுக்கு அத்துப்படி. இவ்வளவு பெரிய மூச்சு அவருக்குள் போனதை அவள் பார்த்ததே இல்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. சுகாதார நிலையத்து டாக்டரம்மா வந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டாள். "இதயம் நிதானமா ஓடுது. இவரோட நெஞ்சு எக்ஸ்ரே நான் பார்த்திருக்கேன் அம்மா. அந்த நுரையீரலுக்குள்ள இவ்வளவு காத்து எப்படிப் போச்சுன்னே தெரியலை" என்றாள். "வெளிய விட்டா?" என்றாள் வேலாத்தாள். டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். "பொய் சொல்ல மாட்டேன். அடுத்ததை இழுக்க அதுல தெம்பு இருக்கும்னு எனக்குத் தோணலை."

அப்படித்தான் ஆரம்பித்தது. நாலு மூலையிலும் ஆள் பிடித்து ஜமுக்காளத்தோடு அவரைத் தூக்கி, கும்பம் தூக்குகிற பதனத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் இறக்கினார்கள். இறக்கியபின் எல்லோரும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். அன்றிலிருந்து லைனில் கைதட்டு இல்லை.

பழகப் பழக எல்லாம் வழக்கமாகிவிட்டது. மாரியம்மன் நோம்பிக்குப் பெண்கள் கும்மி அடித்தார்கள், அடித்தார்கள் என்று சொல்லக் கூடாது, வட்டமாகக் குனிந்து நிமிர்ந்து, சேர வேண்டிய கைகளைச் சேரவிடாமல் காற்றிலேயே நிறுத்தி, சுற்றி வந்தார்கள். பாட்டு மட்டும் கேட்டது. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு எல்லோரும் கையைத் தூக்கி விரல்களை ஆட்டினார்கள். சென்னியப்பன், மில் தர வேண்டிய சம்பளப் பாக்கிக்கான போராட்டக் கூட்டத்தில் தொண்டை கிழியப் பேசிவிட்டுப் பழக்க தோஷத்தில் ஒரு கணம் நிறுத்துவார், கூட்டம் அமைதியாகத் தலையை ஆட்டும், "உணர்ச்சி புரியுதுங்க தோழர்களே" என்று சொல்லிவிட்டுத் தொடர்வார். வெள்ளிக்கிழமை கடை கடையாக வருகிற திருநங்கைகள் லைன் முக்குக்கு வந்ததும் தங்கள் கைகளைச் சேலைக்குள் சுருட்டிக்கொண்டு, வேலாத்தாள் வீட்டைக் கடக்கிறவரை மெல்லப் பேசிக்கொண்டு போனார்கள். மூத்தவள் ஒருத்தி ஒருதரம் வாசலில் நின்று, "ஆத்தா, எங்களுக்கே இதுதான் குரலு. உன்ற வீட்டுக்காரருக்காக விட்டுக் குடுத்திருக்கறோம், நல்லா இருப்பாரு போ" என்றாள். வேலாத்தாள் அவளுக்குக் காபி கொடுத்தாள்.

பட்டாசு வெடித்தார்கள், அதற்கு அவர் அசையவில்லை. கதவு படாரென்று சாத்தியது, அசையவில்லை. அவருக்கு எந்தச் சத்தம் எதற்கு என்று தெரியும்.

வெளியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இழுப்பு நோய்க்காரர்கள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் மூச்சு சீராகிறது என்று பேச்சு பரவி, எலுமிச்சம்பழமும் உப்புப் பொட்டலமும் வாசலில் குவிந்தன. மேட்டுத் தெருக்காரர்கள் ஒரு மாலையும் சூடத்தட்டும் கொண்டுவந்து, கொட்டகை போட்டுத் தருகிறோம், சித்தர் பீடமாக்கிவிடலாம் என்றார்கள். வேலாத்தாள் விளக்குமாற்றை எடுத்தாள். "சாமி இல்லீங்க இவரு. என்ற வீட்டுக்காரரு. இவரைச் சாமியாக்கிட்டா அப்புறம் எனக்கு ஆரு இருக்கறா?" என்றாள். மாலையைத் திருப்பிக் கொண்டுபோனார்கள்.

மன்றத்தில் வகுப்பு நின்றுவிடவில்லை. சுகந்தி கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துக் கீழே இறக்குவாள், அதைப் பார்த்து விடுவார்கள். கண்ணை மூடினால் தெரியாது என்பதால் கண்ணைத் திறந்தே செய்தார்கள். எல்லோருக்கும் உடம்பு தேறிக்கொண்டே வந்தது. வேலாத்தாள் மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. காலையில் அவருக்கு முகம் துடைப்பாள், வேட்டி மாற்றுவாள், வளராத தாடியைத் தடவிப் பார்ப்பாள். அன்றைய சேதிகளையெல்லாம் சொல்வாள். "நான் ஓடிட்டேனுங்க மாமா. உங்களை உட்டுட்டு ஓடிட்டேன்" என்று எந்தச் சேதியில் ஆரம்பித்தாலும் அங்கே வந்து முடிப்பாள். பிறகு அவர் நெஞ்சில் காதை வைத்துக்கொள்வாள். தூரத்தில் மில் ஓடுகிற சத்தம் போல என்னவோ கேட்கும். அது கேட்டால் போதும் அவளுக்கு, சோறு இறங்கும். அவர் இருக்கிறாரா இல்லையா என்று யாராவது கேட்டால் இருக்கிறார் என்று சொல்லலாமே, அதற்குத்தான் அவள் உயிரோடிருந்தாள். பைத்தியக்காரத்தனம் என்று சொல்கிறவர்கள் வீட்டில் ஒருத்தரை அப்படி உட்காரவைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

அடுத்த ஐப்பசியும் வந்து போனது. நடுவில் சுகந்திக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது, குழலி என்று பேர். பாம்பு வந்த அன்றைக்கே அவள் வயிற்றில் இருந்தவள், அப்போது சுகந்திக்கே தெரியாது. அந்த நாளுக்குப் பிறகு சுகந்தி வேலாத்தாளை நேருக்கு நேர் பார்த்ததில்லை. வழியில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். வேலாத்தாளும் கூப்பிட்டதில்லை. கோபம் இல்லை, கூப்பிட்டால் அழுதுவிடுவோம் என்ற பயம்.

பங்குனியில் ஒருநாள் குழாயில் தண்ணீர் வராமல், சுகந்தி வீட்டுத் தொட்டியில் ஒரு குடம் மொண்டுகொள்ளப் போனாள் வேலாத்தாள். தரையில் பாய் விரித்துக் குழந்தையை உட்காரவைத்திருந்தது. நல்ல வெயில், குழந்தைக்கு மேலே ஒரு சட்டைகூட இல்லை, ஆனால் இரண்டு கையிலும் கம்பளிச் சாக்ஸ், மணிக்கட்டில் ரிப்பன் கட்டி முடிச்சுப் போட்டிருந்தது.

"ஏங்கண்ணு, இந்த வேக்காட்டுல புள்ள கையைக் கட்டி வெச்சிருக்கற? நகத்துல கீறிக்குதா?"

சுகந்தி குடத்தை வாங்கித் தண்ணீரை மொள்ள ஆரம்பித்தாள்.

"சொறியாட்ட ஏதாச்சுமா? டாக்டரம்மாகிட்டக் காட்டுனியா?"

"இல்லீங்கக்கா." சுகந்தி திரும்பாமலே சொன்னாள். "இந்த மாசத்துல குழந்தைங்க தானா கைதட்டப் பழகிக்கும். சொன்னாலும் புரியாது. அதான்."

வேலாத்தாள் குனிந்து குழந்தையைப் பார்த்தாள். குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சாக்ஸுக்குள் இருந்த கைகளை ஒன்றோடொன்று மோதியது. மெத்தென்று ஒரு சத்தம், சத்தம்கூட இல்லை. மறுபடி மோதியது. சத்தம் வரவில்லையே என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு லைன் வழியாக நடந்தபோதுதான் அவள் கண்ணில் பட்டது. மூணாவது வீட்டுத் தொட்டிலில் குழந்தை ஆட்டிய கை சாக்ஸில் இருந்தது. அதற்கடுத்த வீட்டில் நடை பழகுகிற பையன் கையில் பழைய துணியைச் சுற்றித் தைத்திருந்தார்கள். எதிர்ச்சாரியில் ஒரு தாய், சோறூட்டிக்கொண்டே பிள்ளையின் ஒரு கையை இடுக்கிப் பிடித்திருந்தாள். எத்தனை மாசமாக இந்த வழியில் போகிறாள், வருகிறாள், ஒருத்தரும் ஒரு வார்த்தை அவளிடம் சொன்னதில்லை, முகம் சுளித்ததில்லை. குடத்துத் தண்ணீர் தளும்பி அவள் சேலையை நனைத்துக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து அவர் முன்னால் உட்கார்ந்தாள். "பாத்தீங்களா மாமா, எனக்காகப் பச்சைப் புள்ளைக கையைக் கட்டிப்போட்டிருக்கறாங்க" என்றாள். அப்போது பார்த்தாள். அவருடைய இடது தோள் லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. எப்போதிருந்து துடிக்கிறதோ, நெஞ்சில் காதை வைத்துக் கேட்டவள் தோளைப் பார்க்கவே இல்லை. நெற்றிப் பொட்டில் ஒரு வேர்வைத்துளி நின்றது. அந்தத் துடிப்பு அவளுக்குத் தெரியும். மில் கேட்டில் தூக்குப்போசியோடு நின்று பார்த்த துடிப்பு. இவ்வளவு காலமும் இந்த மனுஷர் உட்கார்ந்து ஓய்வெடுக்கவில்லை, டூட்டியில் நின்றுகொண்டிருக்கிறார், அலுத்துப்போய், சொல்லத் தெரியாமல், யாராவது வரட்டும் என்று. வேலாத்தாள் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, விடிந்து எழுந்தால் இனி யாருக்கு முகம் துடைப்பேன் என்று கேட்டு அழுதாள். அவரால் பதில் சொல்ல முடியாதே. வாயைத் திறந்தால் மூச்சு போய்விடும்.

சாயங்காலம் போய்ச் சுகந்தியிடம் சொன்னாள். "நாளைக்கு வெடியால கிளாஸுக்கு அவரையும் தூக்கிட்டு வரச் சொல்லு கண்ணு. எல்லாரும் அன்னிக்கு உக்காந்த எடத்துலயே உக்காரட்டும். புள்ளைக்கு இன்னும் ஒரு பொழுது கட்டியிரு. அப்புறம் கட்டாத."

சுகந்தி வாய்விட்டு அழுதாள். "நான் தட்டாம ஓடுனதுதானுங்கக்கா எல்லாம். நானே தட்டறேன். அந்தப் பாவம் எனக்கே இருக்கட்டும்."

"பாவமென்ன பாவம். புள்ளைக்குச் சோறூட்டற கை. உனக்கு வேண்டாம்" என்றாள் வேலாத்தாள்.

காலையில் மன்றத்தில் ஜமுக்காளத்தை விரித்தார்கள். ஆறுச்சாமியை அவர் இடத்தில் இறக்கினார்கள். வேலாத்தாள் அவருக்குப் புது வேட்டி கட்டி, தலை சீவி, விபூதி வைத்து அழைத்து வந்திருந்தாள். அவரவர் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். சென்னியப்பன் ஜன்னலோரம், சுகந்தி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால். டாக்டரம்மா வாசல்படியில் நின்றாள். லைனே வந்து வெளியே நின்றது. யாரும் இருமக்கூட இல்லை. வேலாத்தாள் தன் இடத்தில் உட்காராமல், அவருக்கு எதிரே முட்டியோடு முட்டி படுகிற மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, நான் வேலாத்தா. மாத்து ஆளு வந்துட்டேனுங்க. இனி நான் பாத்துக்கறேன். நீங்க கெளம்பலாம்."

கையைத் தூக்கினாள். தூக்கிய கை தூக்கியபடி வெகுநேரம் நின்றது. ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அவள் தட்டியபோது சத்தமே எழவில்லை, உள்ளங்கைகள் பழக்கம் விட்டுப்போய் வழுக்கிக்கொண்டு நகர்ந்தன. அவள் பயந்துபோய் மறுபடி ஓங்கினாள். அந்த இரண்டாவது தட்டு விழுகிறபோது, அது எந்தக் கையின் சத்தம் என்று நாளைக்கு ஒருத்தரும் சொல்ல முடியாதபடிக்கு, சென்னியப்பன் தட்டினார், சுகந்தி தட்டினாள், முழங்கால் வலிக்காரர்கள் தட்டினார்கள், டாக்டரம்மா தட்டினாள், வெளியே நின்ற லைன் முழுக்கத் தட்டியது, கும்மியில் சேராமல் நின்ற கைகளும் ஆண்டுவிழாவில் ஆட்டிய கைகளும் கூட்டத்தில் மடியில் கிடந்த கைகளும் சேர்ந்து தட்டின, தட்டிக்கொண்டே அழுதார்கள், ஜமுக்காளத்துத் தூசி எழும்பி வெயிலில் பஞ்சு போலப் பறந்தது.

ஆறுச்சாமி மூச்சை விட்டார்.

அது மெல்ல வந்தது, வந்துகொண்டே இருந்தது. அதில் அந்த ஐப்பசியின் மழை வாசம் இருந்தது, அன்று காலை அவள் போட்டுக்கொடுத்த சுக்குக்காபியின் வாசம் இருந்தது, அவள் முகத்தில் பட்டு நெற்றி முடியை அசைத்துவிட்டுப் போனது. விரிந்திருந்த நெஞ்சு தாழ்ந்தது. இடது தோள் துடிப்பை நிறுத்தியது. அவர் முகத்தில், ஷிப்டு முடிந்து கேட்டைத் தாண்டும்போது வருகிற அந்த முகம் வந்தது.

கைதட்டல் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. ஒரு தட்டல் மட்டும் ஓயவில்லை. சுகந்தி அந்த அமளியில் ரிப்பனை அவிழ்த்துவிட்டிருக்கிறாள். குழலி தன் கையிலிருந்து வருகிற சத்தத்தைத் தானே கேட்டு ஆச்சரியப்பட்டு, சப் சப்பென்று தட்டிக்கொண்டிருந்தாள். யாரும் அவள் கையைப் பிடிக்கவில்லை.

வேலாத்தாள் அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள். "இழுங்க" என்றாள், டீச்சர் சொல்வது போலவே. அவர் இழுக்கவில்லை. "மாமா, இழுங்க" என்றாள். சங்கு சொன்னதையும் மேஸ்திரி சொன்னதையும் பாம்புக்குப் பயந்து ஓடிப்போன டீச்சர் சொன்னதையும் மீறாத மனுஷர், பெண்டாட்டி சொன்ன அந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை.

சரி, அவர் இழுக்கிறவரைக்கும் நானும் இழுப்பதில்லை என்று அவளும் மூச்சை வெளியே விட்டு நிறுத்திக்கொண்டாள். வாழ்க்கையில் ஒருதரம்கூட நிறுத்த வராதவள், பல்லைக் கடித்து, அவர் மூக்கையே பார்த்துக்கொண்டு நிறுத்தினாள். காது அடைத்தது, கண் இருண்டது, சென்னியப்பன் "தாயி, தாயி" என்று கூப்பிடுவது எங்கேயோ கேட்டது. அப்புறம் அவளைக் கேட்காமலே நெஞ்சு திறந்து, மூச்சு தானாக உள்ளே போய்விட்டது, வெட்கமில்லாமல், வயிறு நிறைய.

அவள் சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தாள். ஒற்றைக் கண்ணைத் திறந்து, களவாணி என்று சொல்ல ஆள் இல்லை.